அந்த 6 இலக்கத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்

நல்லூர்த் தேர்ப் படம், கனடாவில் பிறந்த பேரனின் முகம், ஊரில் செத்தவீடு என்ற செய்தி, எல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. அதனால்தான் இதை அவசரமாகச் சொல்கிறேன்.

"மாமி, உங்கட ஃபோனுக்குத் தவறுதலா ஒரு நம்பர் வந்திட்டுது, அனுப்பிவிடுங்கோ" என்று தெரிந்தவரின் எண்ணிலிருந்தே கேட்பார்கள். அது உங்கள் கணக்கைத் திறக்க வாட்ஸ்அப் எஸ்.எம்.எஸ்ஸில் அனுப்பும் 6 இலக்கக் குறியீடு. அதை அனுப்பினால் உங்கள் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரிலேயே சொந்தக்காரரிடம் காசு கேட்பார்கள்.

இதைத் தடுக்க, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுண்ட் போய், 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' (இரண்டு படிச் சரிபார்ப்பு) என்பதை இயக்கி, நீங்களே 6 இலக்க இரகசிய நம்பர் (PIN) ஒன்றை வையுங்கள். மின்னஞ்சலையும் கொடுங்கள், அந்த இரகசிய நம்பர் மறந்தால் உதவும். அம்மம்மாவின் ஃபோனில் நான் பக்கத்தில் இருந்து செய்துகொடுத்தேன், இரண்டு நிமிடம்தான்.