மலேசியாவில் எந்த மாநிலத்தில் குடியேறுகிறீர்கள்?

வேலை அனுமதியுடன் மலேசியாவுக்கு வரும் நம்மவர்கள் பலர், நாடு முழுவதற்கும் ஒரே விடுமுறைப் பட்டியல்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். ஆனால் விடுமுறைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இது 13 மாநிலங்களும், மத்திய அரசின் நேரடி ஆட்சியில் உள்ள 3 கூட்டரசுப் பிரதேசங்களும் சேர்ந்த நாடு. அவற்றுள் 9 மாநிலங்களுக்குப் பரம்பரை ஆட்சியாளர்கள் உண்டு. பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆகியவற்றுக்கு ஆளுநர்கள். அந்த ஒன்பது பேரும் கூடித் தங்களுள் ஒருவரை ஐந்தாண்டுக் காலத்துக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024 ஜனவரி 31 முதல் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் அப்பொறுப்பில் இருக்கிறார். எல்லோரையும் சுல்தான் என்று சொல்லிவிடாதீர்கள். பெர்லிஸ் ஆட்சியாளர் ராஜா. நெகிரி செம்பிலானிலோ, ‘உண்டாங்’ எனப்படும் நான்கு வட்டாரத் தலைவர்கள் அரச குடும்பத்திலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதனால் நமக்கென்ன என்று கேட்பவர்கள், சிலாங்கூர் மாநிலத்துப் பெட்டாலிங் ஜெயாவில் குடியிருந்துகொண்டு கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூரில் வேலை பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் குறுக்கே நிற்கும் அந்தப் பெரிய வளைவைக் கடந்ததும் மாநிலம் மாறிவிடுகிறது. சிலாங்கூர் 1974இல் கோலாலம்பூரை மத்திய அரசிடம் ஒப்படைத்ததன் நினைவாக எழுப்பப்பட்டது அது. டிசம்பர் 11 சிலாங்கூர் சுல்தானின் பிறந்தநாள் என்பதால் வளைவுக்கு இப்பால் பிள்ளைக்குப் பள்ளி விடுமுறையாக இருக்கலாம், அப்பால் உங்களுக்கு வேலைநாள். பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச நாள். அன்று நிலைமை தலைகீழ். கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் வார விடுமுறையே வெள்ளியும் சனியும்தான். ஜொகூரும் அப்படித்தான் இருந்தது. 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. ஆகவே கெடாவின் சுங்கை பட்டாணியில் ஓர் அரசு அலுவலகத்துக்குச் செல்ல வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை தாராளமாகச் செல்லலாம்.

நிலமும் மாநில அதிகாரத்துக்குட்பட்டதே. வீடு வாங்கும் வெளிநாட்டவருக்கான குறைந்தபட்ச விலை வரம்பும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நண்பர் ஒருவர் பினாங்கில் வாங்கினார் என்பதை வைத்து ஜொகூரில் கணக்குப் போடாதீர்கள்.

அரச குடும்பங்களைப் பற்றிய பேச்சு இங்கே மிகவும் உணர்வுபூர்வமானது. ஆட்சியாளர்கள்மீது வெறுப்பைத் தூண்டும் பேச்சைக் குற்றமாக்கும் 1948ஆம் ஆண்டின் நிந்தனைச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. வாட்ஸ்அப் குழுவில் வரும் கேலிப் படத்தைக்கூட மேற்கொண்டு அனுப்பாமல் இருப்பதே நல்லது.

சபாவுக்கோ சரவாக்குக்கோ செல்வதானால், அது உள்நாட்டு விமானப் பயணமே என்றாலும் கடப்பிதழை (பாஸ்போர்ட்) மறவாதீர்கள். அவ்விரு மாநிலங்களும் குடிநுழைவில் தனி அதிகாரம் உடையவை. தீபகற்ப மலேசியாவுக்கென வழங்கப்பட்ட வேலை அனுமதியைக் காட்டி அங்கே வேலை செய்ய முடியாது. நிறுவனம் உங்களைச் சரவாக்கின் கூச்சிங் கிளைக்கு மாற்றினால், அங்கே தனி அனுமதி கிடைத்த பிறகே புறப்படுங்கள்.