ஊர் நாடகத்தில் எல்லோருக்கும் இடம்: மேடையை விட்டுத் தரைக்கு வாருங்கள்

நாடகம் போட மண்டபம் பார்க்கப் போகும்போது கையில் டேப் எடுத்துக்கொண்டு போங்கள். வாசல் படியோடு நிறுத்தாமல் மேடையின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். வாசலில் சாய்தளம் வைத்த மண்டபங்களில்கூட மேடைக்குப் பெரும்பாலும் படிதான். மாற்றுத்திறனாளி பார்க்க வரலாம், நடிக்க வரமாட்டார் என்று கட்டியவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்காது.

சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். மூன்றடி மேடை என்றால் 36 அடி. சின்ன மண்டபத்தில் அதற்கு ஏது இடம்? சரிவைக் கூட்டிப் பலகை போட்டால் சக்கர நாற்காலி பின்னால் கவிழும். நாலு பேர் சேர்ந்து தூக்கி வைப்பதும் வேண்டாம், ஒரு நடிகருக்கு அது மரியாதை இல்லை. நாங்கள் மேடையையே விட்டுவிட்டோம். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் தெருக்கூத்து தரையில்தான் நடக்கும், சுற்றிலும் ஜனம் உட்கார்ந்திருக்கும். அதே மாதிரி மண்டபத்தின் நடுவில் களம் பிடியுங்கள். ஒயர்களை ஓரமாக ஓட்டுங்கள். சக்கர நாற்காலிக்கான இடத்தைக் கடைசி வரிசையில் ஒதுக்காமல், முன்னும் நடுவுமாகச் சில நாற்காலிகளை எடுத்துவிட்டு, கூட வருகிறவருக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போடுங்கள்.

பார்வை இல்லாதவர்களுக்கும் கூத்திலேயே வழி இருக்கிறது. வேஷம் கட்டியவர் திரைக்குப் பின்னால் நின்று தன்னைப் பற்றிப் பாடுவார், கூத்தின் கோமாளியும் அறிவிப்பாளனுமான கட்டியக்காரன் யார் என்று விசாரிப்பான். யார் வந்தது, எப்படி வந்தது என்பதெல்லாம் காதிலேயே விழுந்துவிடும். உங்கள் நாடகத்திலும் இப்படி எழுதுங்கள். உள்ளே வருகிறவரை இன்னொருவர் பேர் சொல்லிக் கூப்பிடட்டும். பேச்சே இல்லாத காட்சி இருந்தால், ஒருவர் தனியாக உட்கார்ந்து செல்போன் குரூப் காலில் நடப்பதைச் சொல்லலாம். கேட்பவர்கள் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொள்வார்கள். சொல்பவர் வசனத்தின் மேல் பேசக்கூடாது, இடைவெளியில்தான் பேசவேண்டும். அதனால் அவரும் ஒத்திகைக்கு வந்தாக வேண்டும். நாடகத்துக்கு அரை மணி நேரம் முன்னால் பார்வையற்ற பார்வையாளர்களைக் களத்துக்கு அழைத்து, கிரீடத்தையும் சலங்கையையும் தொட்டுப் பார்க்கவிடுங்கள். நடிகர்கள் ஒவ்வொருவராகத் தன் பாத்திரத்தின் பேரை அந்தக் குரலிலேயே சொல்லட்டும்.

காது கேளாதவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நாடகத்துக்கு முந்தின நாள் கூப்பிட்டு நிறுத்திவிடாமல், இரண்டு வாரம் முன்பே பிரதியைக் கொடுங்கள், பாட்டும் சிலேடையும் யோசித்துச் செய்யவேண்டியவை. நீளமான நாடகம் என்றால் இரண்டு பேர் மாறி மாறிச் செய்யட்டும். விளக்கை அணைக்கும் காட்சியிலும் அவர் முகமும் கையும் தெரிய ஒரு சின்ன விளக்கு எரியவேண்டும். இதை லைட்காரரிடம் தனியாகச் சொல்லிவையுங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் திடீர் வெடிச்சத்தமும் காதைப் பிளக்கும் ஸ்பீக்கரும்தான் பெரிய தொல்லை. சத்தத்தைக் குறையுங்கள், எந்தக் காட்சியில் வரும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், அமைதியான ஓர் அறையைத் திறந்து வையுங்கள். எழுந்து நடக்கலாம், சத்தம் போடலாம் என்று ஆரம்பத்திலேயே மைக்கில் அறிவியுங்கள். தாய்மார்கள் முகத்தில் உடனே ஒரு நிம்மதி தெரியும். மினுக்கிமினுக்கி எரியும் விளக்கு வேண்டவே வேண்டாம், வலிப்பு வரக்கூடும்.

அப்புறம் வேஷம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பரிதாபப் பாத்திரம்தான் என்று வைக்காதீர்கள். ராஜா வேஷம் கொடுங்கள், வில்லன் வேஷம் கொடுங்கள், கதையில் அதற்குக் காரணம் சொல்லவே தேவையில்லை. பேச்சு மெதுவாக வரும் நடிகர் இருந்தால் எதிரில் இருப்பவர் காத்திருக்கப் பழகட்டும். அவருடைய வசனத்தை வெட்டாதீர்கள்.

ஒத்திகையை மொட்டை மாடியில் வைக்காதீர்கள். கழிவறைக் கதவையும் அளந்து பாருங்கள், மூன்றடியாவது திறக்கவேண்டும். நோட்டீஸில் என்னென்ன வசதி உண்டு, எது இல்லை என்று அச்சடியுங்கள். கடைசி பஸ் போன பிறகு ஒத்திகை முடிந்தால், ஆட்டோ காசு குழுவின் செலவு. விளக்கு வாடகைக்குப் பக்கத்திலேயே அதையும் பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.