கேமில் எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்?

மொபைலுக்குச் சின்னதாக கேம் செய்கிறீர்களா? எந்த அம்சம் ஆளைப் பிடித்து வைக்கிறது என்று தெரிய, திருநெல்வேலியில் திருச்செந்தூர் பாசஞ்சர் ஏறி, பக்கத்து சீட்டுக்காரரிடம் போனைக் கொடுங்கள். எப்படி ஆடுவது என்று சொல்லித் தரக் கூடாது. வாயை அடக்குவதுதான் கஷ்டம்.

பாளையங்கோட்டை வருவதற்குள் அவர் ஒருமுறை தோற்று, தானாகவே மறுபடி தொடங்கினால் அடித்தளம் சரி. 1980-களில் வந்த டெட்ரிஸில் கதையும் இல்லை, பரிசும் இல்லை. விழும் கட்டைகள், ஏறும் வேகம், அவ்வளவுதான்.

அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ஒருவருக்குச் சத்தத்தோடு, இன்னொருவருக்குச் சத்தமில்லாமல். பல்லாங்குழியில் முத்து விழும் 'டொக்' இல்லாவிட்டால் பாதி ருசி போய்விடும் இல்லையா, அது மாதிரி சில சின்ன விஷயங்கள்தான் ஆட்டத்தைத் தாங்கும். தினசரி பரிசு, நாணயக் கடை எல்லாம் பிறகு பார்க்கலாம்.

"நல்லாருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம்ம ஊரில் "நல்லாத்தாம்ல இருக்கு" என்றுதான் பதில் வரும். எத்தனை தடவை திரும்ப ஆடினார், எந்த இடத்தில் போனை நீட்டினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏழெட்டுப் பேரிடம் பார்த்தாலே பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும்.