எதிருரை தாமதமானால் வழக்கு ஜெயித்த மாதிரி ஆகாது

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வழக்குகளில் வாதி கேரளத்தில் இருப்பார், பிரதிவாதி எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் இருப்பார். பிரதிவாதி காலத்தில் எதிருரை (வழக்குக்கு எழுத்தில் தரும் பதில்) போடவில்லை என்றதும், புதிதாகத் தொழிலுக்கு வரும் வக்கீல் பிள்ளைகள் "நம்ம கேஸ் முடிஞ்சது" என்று கட்சிக்காரரிடம் சொல்லிவிடுகிறார்கள். வருஷா வருஷம் இதையே பார்க்கிறேன். வாய்தாவை மறப்பது மாதிரியான தவறுகளை இங்கே எழுதப் போவதில்லை.

90 நாளை நம்பிச் சண்டை போடுவது

சம்மன் கிடைத்து 30 நாளில் எதிருரை போட வேண்டும். கோர்ட் காரணத்தைப் பதிவு செய்து 90 நாள் வரை நீட்டலாம். சாதாரண சிவில் வழக்கில் அந்த 90 நாளும் தாண்டக்கூடாத எல்லை இல்லை என்று கைலாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005லேயே சொல்லிவிட்டது. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிப்பார்கள். ஆட்சேபணை எழுதி நாலு வாய்தா இழுப்பதைவிட, செலவுத்தொகையும் விசாரணைக்குத் தேதியும் கேளுங்கள்.

அரைகுறை சம்மனை வைத்து எக்ஸ்பார்ட்டி வாங்குவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. மாட்டுத்தீவனக் கடைக்காரர் ஒருவர் புரோநோட்டின் பேரில் வழக்குப் போட்டார். கடன் வாங்கியவர் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் குடிபோயிருந்தார். வழக்கில் கொடுத்ததோ பழைய விலாசம். கோர்ட் அமீனா பூட்டின கதவில் சம்மனை ஒட்டிவிட்டு வந்தார். ஜூனியர் அதை வைத்தே எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது எதிராளி வராமலே தரும் தீர்ப்பாணை, வாங்கினார். டிக்ரியைப் பொள்ளாச்சிக்கு மாற்றி, பணத்தை வசூலிக்கப் போட்ட நிறைவேற்று மனுவில் நோட்டீஸ் போன பிறகுதான் அந்த மனிதர் வந்தார், புது வீட்டு கரண்ட் பில்லோடு.

சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஒன்பதாம் கட்டளை 13ஆம் விதிப்படி டிக்ரி ரத்தாகும். அதற்கான 30 நாள் கெடுவும் டிக்ரி தெரிய வந்த நாளிலிருந்துதான் ஓடும். ரத்து செய்த நீதிபதி செய்தது சரி. ஆனால் வழக்கு மறுபடி எதிருரையிலிருந்து தொடங்கியது. புரோநோட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அதற்குள் காலமாகிவிட்டார். புது விலாசம் கடைக்காரருக்கு முதலிலிருந்தே தெரியும். யாரும் அவரிடம் கேட்கவில்லை!

டிக்ரி கேட்கும் முன் சம்மன் காகிதக் கட்டை எடுத்துப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் எல்லைக்கு அப்பால் உள்ள கோர்ட் வழியாகப் புது சம்மன் அனுப்பச் சொல்லுங்கள். அங்கிருந்து வரும் அறிக்கை தமிழில் இருந்தால் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்து வர வேண்டும். அது வந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம், டிக்ரியை ரத்து செய்யச் சொல்லி எதிராளி வந்தால், பணத்தில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி நிபந்தனை கேளுங்கள். அதற்கு அந்த விதியிலேயே இடம் இருக்கிறது.

சாட்சியம் இல்லாமல் தீர்ப்புக் கேட்பது

எதிருரை வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கண்ணை மூடித் தீர்ப்புத் தரக்கூடாது என்பது பல்ராஜ் தனேஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது (1999). அசல் புரோநோட்டைத் தாக்கல் செய்யுங்கள்.

வணிக வழக்கிலும் சலுகை உண்டென்று நினைப்பது

எதிருரைக்குச் சம்மன் கிடைத்ததிலிருந்து 120 நாள். அதற்கு மேல் கிடையாது.

பிரதிவாதிப் பக்கம் வெறும் தாமத மன்னிப்பு மனு போடுவது

மனுவோடு எதிருரையையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள்.