ஆயில் குறைகிறதா? என்ஜினைப் பிரிப்பதற்கு முன் நடக்கும் தவறுகள்

கார் ஆயில் குடிக்கிறது என்று தெரிந்ததுமே நாம் கேட்கும் முதல் தீர்ப்பு "ரிங் போயிடுச்சு", அதாவது பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் கெட்டுவிட்டன என்பதுதான். சில நேரம் அது உண்மை. ஆனால் அதை மட்டும் நம்பி என்ஜினை இறக்கிப் பிரித்தபின், பழுது ஒரு சின்ன வால்விலோ ரப்பர் சீலிலோ இருந்தது என்று தெரிந்தால் மனம் ஆறாது. செலவான பணம் திரும்பாது. ஒருமுறை பிரித்த என்ஜினைப் பழையபடி கச்சிதமாகக் கோப்பதும் எல்லோருக்கும் கைவருவதில்லை.

பெரும்பாலான தவறுகள் அளக்காமல் விடுவதில்தான் தொடங்குகின்றன. "அடிக்கடி ஊற்றுகிறேன்" என்பது ஒரு கணக்கே இல்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஆயில் கீழே வடிய ஐந்து பத்து நிமிடம் விட்டு, ஆயில் அளவைக் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். உங்கள் வண்டியின் கையேடு வேறு முறை சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். மேல்கோடு வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, 1000 கி.மீ. கழித்து அதே இடத்தில் அதே முறையில் மறுபடி பாருங்கள். பல கார்களில் டிப்ஸ்டிக்கின் இரு கோடுகளுக்கு இடையே சுமார் 1 லிட்டர் இருக்கும். 1000 கி.மீ.க்கு அரை லிட்டர், சில என்ஜின்களுக்கு 1 லிட்டர் வரை குறைவதைக்கூட ஏற்கலாம் என்று சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. எனக்கு அது தாராளமான கணக்காகவே படுகிறது. 200 மில்லி குறைந்துகொண்டிருந்த வண்டி 600 மில்லி குறைக்க ஆரம்பித்தால், கையேடு என்ன சொன்னாலும் காரணத்தைத் தேட வேண்டும்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. குறுந்தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் எரியாத பெட்ரோல் ஆயிலோடு கலந்து, குறைந்த அளவை மறைத்துவிடும். ஒருநாள் நெடுந்தூரம் ஓட்டினால் ஆயில் நன்றாகச் சூடாகி அந்தப் பெட்ரோல் ஆவியாகும். அளவு சட்டென்று இறங்கும். ஒரே பயணத்தில் என்ஜின் கெட்டுவிட்டது என்று பயப்படுவோம். அது பல வாரமாகக் குறைந்ததன் கணக்கு.

குறைந்ததெல்லாம் எரிந்தது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வண்டி ஓடும்போது மட்டும் கசிந்து, சூடான எக்ஸாஸ்ட் குழாயில் பட்டுக் கருகிவிடும் ஆயில் தரையில் ஒரு சொட்டுகூட விழாது. ஸ்பார்க் பிளக் உட்காரும் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் அது என்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவர் சீலின் கசிவு. ஆயில் எரிவதற்கான அடையாளம் பிளக்கின் முனையில், உள்பக்கம் இருக்கும்.

புகையைப் பார்ப்பவர்கள் அதன் நிறத்தோடு நின்றுவிடுகிறார்கள். நீலம் என்றால் ஆயில், சரி. ஆனால் எப்போது வருகிறது என்பதுதான் இடத்தைக் காட்டும். இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீலை, அதாவது வால்வ் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பரைச் சந்தேகியுங்கள். இறுகிப்போன சீல் வழியாக ஆயில் இரவில் கீழே சொட்டியிருக்கும். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி, மறுபடி மிதிக்கும்போது புகைந்தாலும் முதல் சந்தேகம் அங்கேதான். வேகமெடுக்கும்போதெல்லாம் விடாமல் புகைந்தால் ரிங், போர் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்புறம்) பக்கம் பாருங்கள். புகையே இல்லை என்பதும் சாட்சி ஆகாது. சிறிது சிறிதாக எரியும் ஆயிலின் புகையை, எக்ஸாஸ்டில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மறைத்துவிடும்.

எனக்கு மிகவும் ஆதங்கம் தரும் தவறு, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையைப் படிக்கும் விதம். "கம்ப்ரஷன் அருமையா இருக்கு, அதனால ரிங் நல்லா இருக்கு" என்பார்கள். பிஸ்டனின் மேல் இரண்டு ரிங்குகள்தான் அழுத்தத்தைத் தாங்குபவை. மூன்றாவதான ஆயில் ரிங்கின் வேலை போர் சுவரிலிருந்து ஆயிலை வழித்து இறக்குவது. அதன் பின்னால் உள்ள சின்னத் துளைகள் கரி படிந்து அடைத்து, ரிங் அசையாமல் ஒட்டிக்கொண்டால், கம்ப்ரஷன் குறையாமலே என்ஜின் ஆயிலைக் குடிக்கும். அதாவது கம்ப்ரஷன் குறைந்திருந்தால் அது ஒரு தடயம். நன்றாக இருந்தால் ஆயில் ரிங்கைப் பற்றி எதுவும் தெரியாது.

சோதிக்கும் முறையிலும் பிழை நேர்கிறது. பேட்டரி பலமாக, என்ஜின் சூடாக, எல்லாப் பிளக்கும் கழற்றி, காற்று உள்ளே வரும் த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி, சுமார் 5 மில்லி, ஆயில் விட்டு மறுபடி அளந்தால், ரிங் தேய்ந்திருக்கும்போது அழுத்தம் ஏறும். வால்வ் கோளாறு என்றால் பெரிதாக மாறாது. தாராளமாக ஊற்றிவிட்டால் எந்த சிலிண்டரும் ஏற்றிக் காட்டும். பிளக் துளை வழியாகச் சிறு கேமரா விட முடிந்தால் இன்னும் நல்லது. பிஸ்டன் தலையின் ஓரம் மட்டும் கரியில்லாமல் கழுவியதுபோல் இருந்தால் ஆயில் ரிங் வழியாக ஏறுகிறது என்று ஊகிக்கலாம்.

இவ்வளவுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது பிசிவி வால்வ். என்ஜினின் அடிப்பாகத்தில் சேரும் வாயுவை மறுபடி உள்ளிழுக்கவிடும் வழி அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, ஆயிலைச் சீல்களின் வழியே தள்ளும். திறந்தபடியே நின்றால், அல்லது அதன் ரப்பர்ச் சவ்வு கிழிந்தால், ஆயில் நேராக, என்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக்குக்குள் உறிஞ்சப்படும். மாற்றுவதற்கு மலிவான பாகம். ஆனாலும் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது.

என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ உள்ள வண்டியில், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் மெல்லிய ஆயில் படலம் இருப்பது இயல்பு. நிஜமாகவே டர்போ ஆயில் தள்ளினால், அதிலிருந்து ஆயில் இறங்கும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைப்பை விட்டுவிட்டுப் போட்ட புது டர்போவும் தள்ளத்தான் செய்யும்.

காரணம் தெரியும் முன்பே கெட்டியான ஆயிலை ஊற்றாதீர்கள். குறைவது கொஞ்சம் மட்டுப்படலாம். ஆனால் நீங்கள் எடுத்துவந்த அளவுகள் ஒப்பிட உதவாமல் போகும். கண்டுபிடிக்கும் வரை மேல்கோட்டுக்கு மிகாமல் ஊற்றி ஓட்டுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரியட்டும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். அது பெரும்பாலான வண்டிகளில் ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. அது எரியும்போது பேரிங்குகளுக்கு ஆயில் போதாமல் போயிருக்கலாம். ஓடும்போது எரிந்தால், பாதுகாப்பாக ஓரங்கட்டி உடனே என்ஜினை அணைத்துவிடுங்கள்.