வலி எடுத்தாச்சு, குழந்தை எப்போ வரும்? துணைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு

தங்கைக்குத் தலைப்பிரசவம். இரவு பதினொரு மணிக்கு வலி எடுத்தது. மறுநாள் மதியம் நர்ஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இன்னும் ரெண்டு விரல்தான் திறந்திருக்கு" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குக் கலங்கவே தேவையில்லை.

படி 1: சூட்டு வலியா, அதாவது பொய் வலியா என்று பாருங்கள். சூட்டு வலி கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். பிரசவ வலி விட்டு விட்டு வரும், வர வர நெருங்கும். சீரகக் கஷாயத்துக்கெல்லாம் மசியாது.

படி 2: நோட்டும் கடிகாரமும் எடுங்கள். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரைதான் இடைவெளி. (முடிந்ததிலிருந்து எண்ணுகிறவர்கள்தான் அதிகம்!) எத்தனை விநாடி நீடித்தது என்பதும் வேண்டும். தங்கையின் நோட்டில்:

11.10 – 30 விநாடி
11.24 – 35
11.33 – 25

இது ஆரம்பம்தான். விடியற்காலை ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று ஒரு மணி நேரம் தொடர்ந்த பிறகு கிளம்பினோம். இரண்டாவது பிரசவம் என்றாலோ ஆஸ்பத்திரி தூரம் என்றாலோ இவ்வளவு காத்திருக்கக் கூடாது. பனிக்குடம் உடைந்தால், ரத்தம் போனால், குழந்தையின் அசைவு குறைந்தால், 37 வாரம் முடியாமலே வலி வந்தால் நோட்டை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

படி 3: விரல் கணக்கு. ஒரு விரல் என்பது சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறப்பது 10 செ.மீ. மணிக்கு ஒரு செ.மீ. திறந்தாக வேண்டும் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். அது எல்லோருக்கும் பொருந்தாது என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. அதன் கணக்கில் 5 செ.மீ.யிலிருந்துதான் தீவிரக் கட்டம். அதுவரை இத்தனை மணி நேரம் என்று வரையறையே கிடையாது. ரெண்டு விரலில் அரை நாள் நிற்பது இந்தக் கட்டத்தில்தான்.

5-க்குப் பிறகு முழுதாகத் திறக்க, தலைப்பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்துக்கு மேல் போகாது; அடுத்தடுத்த பிரசவங்களில் 10. முக்கி வெளியே தள்ளுவதற்கு முறையே 3 மணி, 2 மணி நேரம் வரை. குழந்தை பிறந்த பிறகு நஞ்சுக்கொடி பெரும்பாலும் அரை மணிக்குள் விழுந்துவிடும்.

இதற்கிடையில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பதும், ஊசி போடலாமா என்று முடிவெடுப்பதும் டாக்டர், நர்ஸ்களின் வேலை. நம் வேலை இடுப்பைத் தேய்த்துவிடுவது, வராந்தாவில் நடக்க வைப்பது, "இன்னுமா?" என்று வரும் போன்களை எடுக்காமல் இருப்பது.

தங்கைக்கு மாலை ஐந்து மணிக்கு 5 செ.மீ. இரவு 10.40-க்குப் பையன்.