தெருவின் வேலை வார்டு பட்ஜெட்டில் ஏற வேண்டுமானால்: பெங்களூருத் தமிழ்க் குடியிருப்புகளுக்கு

மாநகராட்சியின் நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. எந்த வார்டில் எந்த வேலை என்ற பட்டியலோ அதற்கு நாலைந்து மாதம் முன்பே இன்ஜினியரின் மேஜையில் உருவாகத் தொடங்கிவிடும். மார்ச்சில் மனுவைத் தூக்கிக்கொண்டு போனால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள். அதனால் தெருக்கூட்டம் செப்டம்பர், அக்டோபரில் நடக்க வேண்டும். நவம்பர் முடிவதற்குள் மனு உள்ளே போக வேண்டும். டிசம்பரிலும் ஜனவரியிலும் எஸ்டிமேட் போட்டாயிற்றா என்று விசாரிக்க வேண்டும். இந்தக் கால வரிசை தப்பினால் மற்றதை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஒரு வருடம் வீண்.

முதலில் நீங்கள் எந்த மாநகராட்சி, எந்த வார்டு என்று புதிதாகப் பாருங்கள். 2025 செப்டம்பர் 2 முதல் நகரம் முழுவதுக்கும் ஒரே மாநகராட்சியாக இருந்த பழைய பிபிஎம்பி இல்லை. கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. வார்டு எல்லைகளும் மாறின. அல்சூரும் லிங்கராஜபுரமும் இன்று வெவ்வேறு மாநகராட்சி. பழைய வார்டு எண்ணைப் போட்ட மனு ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றும். பிரதான சாலையின் இரண்டு பக்கமும் இரண்டு வார்டாக இருக்கலாம் என்பதால் அடுத்த தெருக்காரர் சொல்வதை நம்பாமல் அரசு வெளியிட்ட வார்டு வரைபடத்தில் உங்கள் தெருப் பெயரைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

இது யாருடைய வேலை?

பெங்களூரில் மனுக்கள் வீணாவதற்கு முதல் காரணம், கேட்கும் வேலை மாநகராட்சியின் கையில் இல்லாததுதான். குடிநீரும் பாதாளச் சாக்கடையும் வாட்டர் போர்டு. மின்சாரம் பெஸ்காம். பஸ் பிஎம்டிசி. தெருவோர மழைநீர்க் கால்வாய், உள்தெருச் சாலை, நடைபாதை, தெருவிளக்கு, பூங்கா ஆகியவை மாநகராட்சி. ராஜகால்வாய் எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாயைப் பார்ப்பது வார்டு இன்ஜினியர் அல்ல, மழைநீர்க் கால்வாய்களுக்கென்று இருக்கும் தனிப் பிரிவு.

"மோரி (வடிகால்) நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது" என்ற ஒரே புகாருக்கு இரண்டு காரணம் இருக்கலாம். மழையே பெய்யாத நாளிலும் பொங்கினால் அது சாக்கடை அடைப்பு. சேம்பர் (பாதாளச் சாக்கடைத் தொட்டி) மூடியைத் திறந்து பார்த்தால் தெரியும், வாட்டர் போர்டுக்குப் போக வேண்டும். மழை நாளில் மட்டும் பொங்கினால் கால்வாயின் அகலமோ சரிவோ போதவில்லை, அல்லது வண்டல் நிறைந்துவிட்டது. இது மாநகராட்சி வேலை. இரண்டும் சேர்ந்தும் நடக்கும். சில வீடுகளின் கழிவுக் குழாயை மழைநீர்க் கால்வாயில் விட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் கால்வாயை அகலப்படுத்தக் கேட்பதற்கு முன் அந்த இணைப்புகளைப் பாதாளச் சாக்கடைக்கு மாற்றும்படி வாட்டர் போர்டிடம் கேளுங்கள். இல்லையென்றால் புதுக் கால்வாயிலும் சாக்கடைதான் ஓடும்.

தெருவிளக்கிலும் இதே குழப்பம் உண்டு. வீட்டில் கரண்ட் இருந்து விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் மாநகராட்சி. கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அணைந்த விளக்கு, ஒரு குழி, அள்ளாத குப்பை போன்றவற்றைப் பட்ஜெட் மனுவில் சேர்க்கவே வேண்டாம். 1533-க்கு அழைத்தாலே புகார் பதிவாகும். அதே குழி மூன்றாவது முறையும் விழுந்தால் அப்போது அது பட்ஜெட் விஷயம்.

குடிசைப்பகுதி என்றால் இன்னொரு கேள்வி இருக்கிறது: நிலம் யாருடையது? கர்நாடகக் குடிசைப்பகுதி மேம்பாட்டு வாரியம் அறிவித்த பகுதியா, ரயில்வே நிலமா, தனியார் நிலமா என்று தெரியாமல் எந்த இன்ஜினியரும் எஸ்டிமேட்டில் கையெழுத்து வைக்க மாட்டார். அறிவிக்கை நகல் இருந்தால் மனுவோடு சேருங்கள்.

கூட்டம்

நேரத்தைப் பொறுத்துத்தான் யார் வருவார்கள் என்பது இருக்கிறது. ஞாயிறு காலையில் வைத்தால் தேவாலயப் பூசைக்குப் போகிறவர்கள் வர முடியாது. வார நாளில் வைத்தால் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் வர முடியாது. ஞாயிறு மாலை ஐந்து மணி ஓரளவு எல்லோருக்கும் ஒத்துவரும், ஆனால் தண்ணீர் விடும் நேரத்தோடு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மோதினால் பெண்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். இடம் அங்கன்வாடி வாசலாகவோ அரசுப் பள்ளி மைதானமாகவோ இருக்கட்டும். ஒரு சாதியார் மட்டும் நுழையும் மண்டபத்தில் வைத்தால் மற்றவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள்.

வாடகைக்கு இருப்பவர்களை நேரில் போய் அழையுங்கள். "சொந்த வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்ளட்டும்" என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்வதும், சங்கங்கள் அதை அப்படியே விட்டுவிடுவதும் வழக்கமாகிவிட்டது. தெருவில் பாதிக்கு மேல் வாடகைக் குடும்பங்கள் இருக்கும் இடத்தில் சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் போடும் பட்டியல் அந்தத் தெருவின் பட்டியல் ஆகாது. பேச்சு தமிழில் நடந்தாலும் கன்னடமும் உருதும் பேசும் வீடுகளுக்கு உடனுக்குடன் சொல்ல ஆள் வேண்டும். தமிழர்கள் மட்டும் கையெழுத்திட்ட மனு என்று ஓரங்கட்ட யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள். தண்ணீர் எல்லோர் வீட்டுக்குள்ளும்தான் வருகிறது.

கையைத் தூக்கச் சொல்லி முடிவெடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறார் என்பதற்காகவே கை எழும். கொட்டை போடும் முறை நம்பகமானது:

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு டப்பா. மேலே படம் ஒட்டுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும். எட்டு டப்பாவுக்கு மேல் போனால் ஓட்டு சிதறிவிடும். ஒரே மாதிரிக் கோரிக்கைகளைச் சேர்த்துவிடுங்கள். பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் ஐந்து கொட்டை, பெண்களுக்குப் புளியங்கொட்டை, ஆண்களுக்கு மொச்சை. ஒரே டப்பாவில் மூன்றுக்கு மேல் போடக் கூடாது. டப்பாக்களைத் திரை மறைவில் வையுங்கள். வந்தவர் எண்ணிக்கையை ஐந்தால் பெருக்கினால் வரும் எண்ணைவிட மொத்தக் கொட்டை கூடினால் எங்கோ தப்பு, மறுபடி நடத்த வேண்டும். இரண்டு வகைக் கொட்டையையும் தனித்தனியாக எண்ணுங்கள். கழிப்பறைப் பாதையின் விளக்குக்கு விழுந்தது எல்லாம் புளியங்கொட்டையாக இருந்தால் மொத்தத்தில் பின்தங்கினாலும் அது மேலே போக வேண்டிய கோரிக்கை என்பது எங்கள் உறுதியான கருத்து.

உயிருக்கு ஆபத்தானவற்றை ஓட்டுக்கே விடாதீர்கள். மூடியில்லாத சேம்பர், தொங்கும் மின்கம்பி, சாய்ந்த சுவர் மூன்று வீட்டுக்கு மட்டும் ஆபத்து என்றால் ஓட்டில் அது தோற்றுத்தான் போகும். அவற்றைத் தனித் தாளில் எழுதி அன்றைக்கே அனுப்புங்கள்.

முடிவில் மூன்று கோரிக்கை போதும், ஐந்தைத் தாண்ட வேண்டாம். முப்பது கேட்டால் எது முக்கியம் என்று முடிவு செய்யும் உரிமையை ஒப்பந்தக்காரரின் வசதிக்குத் தாரைவார்த்துவிடுகிறோம்.

அளவும் மனுவும்

"ரோடு போட்டுத் தாருங்கள்" என்று எழுதினால் அது பட்ஜெட் வரியாகாது. இருபது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் போங்கள். எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, நீளம், அகலம், இப்போதைய நிலை. நாற்பது மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், பதினைந்து சென்டிமீட்டர் கனம் என்றால் 18 கன மீட்டர் கான்கிரீட். இவ்வளவு கணக்கை நீங்களே எழுதினால் இன்ஜினியர் விலைப்பட்டியலைப் பார்த்து அன்றைக்கே தோராயத் தொகை சொல்ல முடியும். கால்வாய்க்கு ஆழமும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதும் கட்டாயம் வேண்டும். சரிவு குறிக்காமல் கட்டிய கால்வாயில் தண்ணீர் தேங்கிக் கொசுதான் வளரும். நடைபாதைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல் 1.8 மீட்டராவது தடையில்லாத அகலம் வேண்டும் என்கிறது. டிரான்ஸ்பார்மரும் கடைப் படியும் எவ்வளவு அடைக்கின்றன என்று அளந்து எழுதுங்கள். இடமும் தேதியும் படத்திலேயே பதியும் கேமரா செயலியால் படம் எடுங்கள்.

சாலை கேட்பதற்கு முன் அந்தத் தெருவில் குழாய் மாற்றும் திட்டம் உண்டா என்று வாட்டர் போர்டில் கேட்டுவிடுங்கள். தார் போட்ட மறுமாதம் தோண்டினால் அந்தத் தெருவுக்கு மறுபடி பணம் வருவதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடும்.

மனு ஒரு பக்கம், கன்னடத்தில். சரளமாகக் கன்னடம் பேசும் தமிழ்க் குடும்பங்களிலும் எழுதத் தெரிந்தவர் குறைவாக இருக்கலாம். கன்னட வழியில் படித்த தெருப் பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். மேலே வார்டு எண்ணும் பெயரும், நடுவில் அளவோடு மூன்று கோரிக்கைகள், கீழே ஓட்டு விவரம், பின்னிணைப்பாகப் படமும் கையெழுத்தும். பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள் பெரும்பான்மையாக வாழும் தெரு என்றால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். கர்நாடகத்தில் நகர உள்ளாட்சிகள் அவர்களுக்கான வேலைகளுக்கு 24.10 சதவீதமும், பிற நலிந்த பிரிவினருக்கு 7.25 சதவீதமும், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதமும் ஒதுக்க வேண்டும். எழுதாவிட்டால் உங்கள் கோரிக்கை பொதுக் கணக்கில் விழுந்து பெரிய சாலைகளோடு போட்டி போடும். உங்களுக்கென்று இருக்கும் பணமோ வேறெங்கோ செலவாகும்.

ஒரே மனுவை மூன்று இடத்தில் கொடுங்கள்: வார்டின் உதவி இன்ஜினியர், கார்ப்பரேட்டர் எனப்படும் வார்டு கவுன்சிலர் (பதவியில் யாரும் இல்லாத காலத்தில் வார்டுப் பொறுப்பு அதிகாரி), மாநகராட்சி ஆணையர் அலுவலகத்தின் தபால் பிரிவு. ஒவ்வொன்றிலும் முத்திரையும் இன்வர்டு எண்ணும் (மனுவைப் பெற்றதாகப் பதியும் எண்) வாங்காமல் திரும்பக் கூடாது. எண் இல்லாத மனு கொடுக்காத மனு.

வார்டு கமிட்டி

மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள நகரங்களில் வார்டு கமிட்டி வேண்டும் என்பது அரசமைப்பின் 243-எஸ் பிரிவு. அது 1993-ல் நடைமுறைக்கு வந்தது. கமிட்டியில் உங்கள் கோரிக்கை பேசப்படுவதைவிட நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்படுவதுதான் முக்கியம். கூட்டத்துக்கு முந்தின வாரமே நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். இரண்டு பேர் போனால் போதும்: ஒருவர் பேச, ஒருவர் குறித்துக்கொள்ள. இருபது பேர் போய்ச் சத்தம் போட்டால் கூட்டத்தை ஒத்திவைக்கக் காரணம் கிடைத்துவிடும். வேகத்தடை கேட்பதாக இருந்தால் போக்குவரத்துப் போலீஸின் கருத்தை முன்பே வாங்கி வையுங்கள்.

பிறகு

பட்ஜெட் வந்ததும் உங்கள் தெருப் பெயர் இருக்கிறதா என்று வேலைப் பட்டியலில் பாருங்கள். "வார்டில் பல்வேறு பணிகள்" என்று மொத்தமாக எழுதியிருந்தால் அதில் உங்கள் வேலை உண்டு என்று எண்ணி ஏமாறாதீர்கள். ஜாப் கோடு, அதாவது அந்த வேலைக்கென்று தரும் எண், கிடைத்தால்தான் வேலை உயிரோடு இருக்கிறது. டெண்டர், வொர்க் ஆர்டர், பில் எல்லாம் அந்த எண்ணைத் தொடர்ந்தே போகும்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரு விஷயம், 150 சொல்லுக்குள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் கிடைக்காது, ஆவணத்தைக் கேளுங்கள்: இந்த இன்வர்டு எண்ணின் மீது எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல், இந்த ஜாப் கோடின் எஸ்டிமேட், வொர்க் ஆர்டர், அளவுப் புத்தகப் பக்கங்கள் (செய்த வேலையின் அளவை இன்ஜினியர் பதியும் புத்தகம்). பதில் வராமலோ குறைவாகவோ இருந்தால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

வேலை நடக்கும்போது எஸ்டிமேட்டில் உள்ள கனத்தையும் தரையில் போட்ட கனத்தையும் ஒப்பிட வேண்டிய நேரம் கான்கிரீட் ஊற்றும் நாள்தான், மறுநாள் இல்லை. பக்கப் பலகையின் உயரத்தை அளந்து படம் எடுத்து வையுங்கள். ஒப்பந்தக்காரர் குறைகளைச் சரிசெய்ய வேண்டிய காலம் எவ்வளவு என்று வொர்க் ஆர்டரில் பார்த்து, அது முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு தெருவை ஒரு முறை நடந்து பார்த்து விரிசல், உடைந்த ஸ்லாப் எல்லாவற்றையும் படத்தோடு எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதிக்குள் கொடுத்தால் ஒப்பந்தக்காரர் செலவு, பிறகு கொடுத்தால் மறுபடி உங்கள் வார்டின் பணம்.